வினை தன் கர்த்தாவைச் சேரும் வழி

நன்னிலத்து மதுவனேசுவரர் ஆலயத்துக்குள் நுழைகிற எவரும் முதலில் கவனிப்பது, மூலஸ்தானம் தரைமட்டத்தில் இல்லாமல் கட்டுமலை ஒன்றின்மேல் உயர்ந்திருப்பதையும், அதற்கு ஏறிச் செல்லும் படிகள் மனிதன் ஏறுவதற்கு மட்டும் இசைந்தனவாக, யானை ஏற இயலாதவாறு அமைந்திருப்பதையுமேயாகும். இது கோச்செங்கட்சோழன் எடுத்த கோயில் என்று சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்துப் பதிகத்திலேயே சொல்லியிருக்கிறார். அவன் ஏன் இப்படிக் கட்டினான் என்று கேட்டால், ஊர்க் கிழவிகள்கூடத் தடையின்றிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. திருவானைக்காவில் சிவலிங்கத்தின்மேல் சருகு உதிராதபடி ஒரு சிலந்தி வலை பின்னி வந்தது; பூசை செய்ய வந்த யானை அதை அநுசிதம் என்று எண்ணி நாள்தோறும் கலைத்தது; சினங்கொண்ட சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன; அந்தச் சிலந்தியே மறுபிறப்பில் சோழனாகி, பழம்பகையின் வாசனை நீங்காமல், யானை புக முடியாத மாடக்கோயில்களாகக் கட்டிக்கொண்டே போயிற்று. வெள்ளம் புரளும் காவிரி நாட்டில் கருவறையை மேட்டில் வைத்தான் என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். ஒரு பொறியாளர் அப்படித்தான் சொல்வார், அதில் பிழையும் இராது. ஆனால் அந்த வாக்கியத்தில் அரசன் விவேகியாக மட்டும் தெரிவான். பிறவி தாண்டித் தன் வினையைச் சுமந்து வந்த ஓர் உயிராகத் தெரியமாட்டான். கட்டடம் என்னவோ ஒன்றுதான். அதற்கு முன்னால் எந்தச் சம்பவத்தை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, அதைக் கட்டியவன் வேறு ஆளாகிவிடுகிறான்.

ஒரு கதையை எழுதி முடித்து, சில மாதங்கள் ஆறப்போட்டு, பிறகு திருத்துவதற்கென்று மறுபடியும் கையில் எடுக்கிறவன் செய்கிற காரியமும் இதுவேயாகும். திருத்துவது என்றால் சொல்லுக்கு மெருகிடுவது, சொன்னதையே சொல்லியிருந்தால் அடிப்பது, உரையாடலைச் சுருக்குவது என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். அவையெல்லாம் பிரதியின் மேல்தோலைத் தொடுகிற வேலைகள். ஒன்பதாம் அத்தியாயத்தில் நேர்கிற மரணத்தை இரண்டாம் அத்தியாயத்துக்குக் கொண்டுபோவதும், நடுவில் கிடக்கும் கலியாணத்தை எடுத்துவிடுவதும், யாரோ ஒரு சிறு பாத்திரம் சொன்ன பொய்யை முன்னதாகவே வாசகனுக்குக் காட்டிவிடுவதுந்தான் பெரிய திருத்தம். அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரு நிகழ்ச்சிகளைப் படிக்கிறவன், முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்ளாமல் இருக்கவேமாட்டான். ஆகவே வரிசை மாறினால் காரணம் மாறும். காரணம் மாறினால் பழியும் புண்ணியமும் கை மாறும். கற்பனை மாந்தரேயாயினும், ஒருவன் தலையில் இருந்த பாவத்தை எடுத்து இன்னொருவன் தலையில் வைப்பதற்கு எழுதுகிறவனுக்கு அதிகாரம் உண்டா? பார்வைக்கு இது எழுத்துத் தொழிலின் உத்தியைப் பற்றிய கேள்விபோல இருந்தாலும், உள்ளபடி வினையைப் பற்றிய கேள்வி. ஆகையால் தர்க்க சாஸ்திரிகளிடமும் சைவ சித்தாந்திகளிடமும் கொண்டுபோய்க் கேட்கத் தக்கது.

தர்க்கத்தார் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். ஒரு காரியத்துக்கு முன்னால் இருந்தது என்ற ஒன்றினாலேயே எதுவும் அதற்குக் காரணமாகிவிடாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றால், விழுந்த பழத்துக்குக் காகம் பொறுப்பல்ல. காரணம் என்று சொல்லப்படுவது தவறாமல் முன் நிற்பதாக இருப்பதோடு, ‘அன்யதாசித்தம்’ ஆகாததாகவும் இருக்க வேண்டும் என்பர். அதாவது, அது வந்து சேராவிட்டாலும் காரியம் நடந்திருக்கும் என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் குடம். மண்ணும் சக்கரமும் தண்டமும் குயவனும் குடத்துக்குக் காரணங்கள். மண்ணைச் சுமந்து வந்த கழுதை காரணமன்று, ஏனெனில் வேறு வழியிலும் மண் வந்திருக்கும். அந்தக் குயவனைப் பெற்ற தகப்பனும் காரணமல்லன். அவன் குயவனுக்குக் காரணமேயன்றிக் குடத்துக்கு அல்ல. நம்முடைய குடும்ப நாவல்களில் பாதி, இந்தக் குயவனின் தகப்பனிடமிருந்தே தொடங்குகின்றன என்பதை நினைக்கும்போது, அந்த உதாரணத்தைக் கண்டவர் ஏதோ ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுத்தான் சொன்னாரோ என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும்.

நன்னிலம் வட்டத்தைச் சேர்ந்த இளம் நண்பர் ஒருவர் தாம் எழுதிய நாவலை என்னிடம் படிக்கக் கொடுத்திருந்தார். இரு சகோதரர், அவர்களுக்குப் பாகம் பிரியாத ஒன்றரை வேலி நஞ்சை, மூத்தவன் ரகசியமாகப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான், இளையவன் வழக்காடித் தோற்கிறான், இறுதியில் சம்பா அறுப்பின்போது மூத்தவன் வரப்பில் பாம்பு தீண்டி இறக்கிறான். முந்நூறு பக்கத்தில் முதல் எழுபது பக்கம் பாட்டனாரின் சரித்திரம்: அவருடைய கொடை, அவருடைய கோபம், கும்பகோணத்தில் கொண்ட சம்பந்தம், பாட்டிக்குப் பூட்டிய அட்டிகை. தர்க்கத்தாரின் கழுதையையும் தகப்பனையும் நான் எடுத்துச் சொல்ல, அவர் சிறிது வருத்தப்பட்டாராயினும், அத்தியாயங்களைத் தனித்தனிக் கட்டாகத் தாழ்வாரத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் பின்னால் எது நடக்காமல் போகும் என்று தமக்குத் தாமே கேட்டுப் பார்த்தார். எழுபது பக்கத்தில் மிஞ்சியது அட்டிகை ஒன்றே. இளையவன் வக்கீல் ஃபீஸுக்காக அதை அடகு வைக்கிறான் என்பதால் அது பிழைத்தது. இன்னொன்றும் தாழ்வாரத்தில்தான் தெரிய வந்தது. முதற்பிரதியில் பட்டா மாறிய பிறகே தாயார் இறக்கிறாள். ஆகவே படிக்கிறவன் மூத்தவனைத் தாயைக் கொன்றவனாகவே எண்ணிவிடுகிறான். தாயின் மரணத்தை முன்னே கொண்டுவந்து வைத்தாலோ, பட்டா மாறியது, தட்டிக்கேட்கப் பெரியவர்கள் இல்லாமற்போன வீட்டில் நடக்கிற சாதாரணக் களவாகச் சுருங்கிவிடுகிறது. நண்பர் இரண்டில் எதையும் நினைத்து எழுதவில்லை. நடந்த தேதி வரிசையில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எது மெய் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “அம்மா இருந்திருந்தா அவன் துணிஞ்சிருக்க மாட்டான் ஐயா” என்றார். அன்றே மரணம் முன்னுக்குப் போய்விட்டது.

தம் விருப்பப்படி வரிசையை மாற்றிக்கொள்ள முடியாத நிலையில் ஒரு பெரியவர் என்ன செய்தார் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். திருவாரூரில் சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகை பதினொரே பாட்டு. தனியடியார் அறுபத்து மூவர், தொகையடியார் ஒன்பதின்மர் என்று பிற்காலத்தார் கணக்கிட்ட பெயர்களின் நிரல் அது. காலவரிசையும் ஊர்வரிசையும் அதில் இல்லை. நம்பியாண்டார் நம்பி அந்த நிரலிலேயே ஒவ்வொருவர் வரலாற்றையும் குறிப்பாகச் சொல்லி அந்தாதி பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்த குன்றத்தூர்ச் சேக்கிழார் அதையே பெரிய புராணமாக விரித்தபோது, வேதவாக்காகிவிட்ட அந்த வரிசையில் கைவைக்க அவருக்கு உரிமை இல்லை. அவர் அதை நாடவும் இல்லை. ஆனால் தொகையைப் பாடிய சுந்தரருடைய வாழ்வு அந்த நிரலுக்கு வெளியே நின்றது. அந்த வாழ்வை முழுதாக ஓரிடத்தில் கொட்டாமல், கயிலையில் இரு மங்கையர்மேல் மனம் போக்கிய கணத்திலிருந்து தொடங்கி, திருவாரூரில் தொகை பிறந்ததோடு நிறுத்தி, பிறகு வேறு அடியார்களின் புராணங்களுக்குள்ளே அதைத் தொடர்ந்து நடத்தி, பதின்மூன்றாவதாகிய வெள்ளானைச் சருக்கத்தில் மீண்டும் கயிலையிலேயே கொண்டுசேர்த்தார். பட்டியலாக இருந்தது அதனால் காவியமாயிற்று.

அவற்றுள் நான் மறுபடி மறுபடி வியக்கும் இடம் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம். தம் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவனையே இரவில் தூது நடத்தினார் சுந்தரர் என்று கேள்வியுற்று, அவரை மன்னிக்க முடியாதவராக வாழ்ந்தவர் கலிக்காமர். தம்மை வருத்திய சூலை நோயைத் தீர்க்கச் சுந்தரர் வருகிறார் என்று அறிந்ததும், அவரால் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். குண்டையூரில் பெற்ற நெல்மலை, சங்கிலியாரை மணந்து பிரிந்தது, கண் இழந்தது, தூது நடந்தது என்று சுந்தரர் வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் சேக்கிழார் சொல்லுமிடம் இந்தப் புராணந்தான்! குற்றஞ்சாட்டுகிறவருடைய வீட்டுக்குள்ளே குற்றஞ்சாட்டப்பட்டவரின் கதையைக் குடியேற்றிவிட்டார். தொகை பிறந்ததோடு நிற்கும் தடுத்தாட்கொண்ட புராணத்திலேயே இதைச் சொல்லியிருந்தால், தூது ஒரு லீலையாக மட்டும் நின்றிருக்கும். இங்கே வைத்ததனால், லீலை என்று நாம் புன்முறுவல் செய்துகொண்டிருக்கும்போதே, அதைப் பொறுக்கமாட்டாத ஒருவர் இதே அத்தியாயத்தில் இருக்கிறார் என்பதும் நம் நினைவை விட்டு அகலாமல் இருக்கிறது. நிரலை மாற்றாமலே நீதியின் நிறையை மாற்ற முடியும் என்பதற்கு இதைக்காட்டிலும் பெரிய சான்று நம் இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

சேக்கிழாரையே இன்னொருவர் திருத்திய கதை, நம் வயல்வெளிக்கு இன்னும் நெருக்கமானது. பெரிய புராணத்தில் திருநாளைப்போவாரான நந்தனாருக்குத் தடை எது? தோல் வார் நரம்பு முதலியவற்றை ஆலய வாத்தியங்களுக்கு அளித்து, திருப்புன்கூரில் நந்தி விலகப் பெற்றுத் தரிசித்து, தில்லைக்குப் போக வேண்டும் என்று துடிக்கிற அவர், ‘நாளை போவேன்’ என்று நாள் கழிப்பதற்குக் காரணம், தம் பிறப்பை நினைந்து அவரே அஞ்சுவதுதான். வெளியில் நின்று தடுப்பவர் ஒருவரும் அந்தப் புராணத்தில் இல்லை. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து மாயூரத்துக்கருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபோது, அந்தத் தடையை உள்ளிருந்து எடுத்து வெளியே நிறுத்தினார். நிலச்சுவான்தாராகிய வேதியர் ஒருவர் வந்தார். நந்தன் அவருடைய பண்ணையாள் ஆனான். சேரியின் கிழவர்களும் அவனுக்குப் புத்தி சொல்லித் தடுத்தனர். ‘நாளை’ என்ற அதே சொல், சேக்கிழாரிடம் தயக்கம். பாரதியாரிடம், கிடைக்காத உத்தரவு. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அவையே: ஆசை, காத்திருத்தல், தில்லை, தீ. காரணம் ஒன்று இடம் மாறியது. பழி ஓர் உயிரின் அச்சத்திலிருந்து ஒரு பண்ணையின் அமைப்புக்கு மாறியது. இல்லாத வேதியரைப் பாரதியார் இட்டுக்கட்டினார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. இல்லாதவர் புராணத்தில்தான் இல்லை. தஞ்சை ஜில்லாவில் அவர் எந்தக் களத்துமேட்டிலும் நின்றுகொண்டிருந்தார் என்பதை, அங்கே பாடிப் பிழைத்த பாரதியாரைவிட அறிந்தவர் யார்? இந்த வடிவந்தான் 1942-இல் ஜெமினியின் படமாகவும் வந்து ஊரெங்கும் பரவியது. அதில் நந்தனாராகப் பாடி நடித்த தண்டபாணி தேசிகர், சிறுத்தொண்டர் வாழ்ந்த திருச்செங்காட்டாங்குடியில், நன்னிலத்துக்கு அண்டையிலே, பிறந்தவர்.

அப்படியானால் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? எழுதுகிறவன் தன் உலகத்துக்குப் பிரம்மா, ஆகவே அவன் இஷ்டப்படி செய்யலாம் என்று சொல்லிவிடுவது எளிது. சித்தாந்தம் அதை ஒப்பாது. அதன்படி பதியைப்போலவே பசுவும் பாசமும் அநாதி. உயிர்களை இறைவன் உண்டாக்கவில்லை. மீமாம்சகர், செய்த கர்மமே அபூர்வமாக நின்று தானே பலனைத் தரும் என்பர். ‘என் பாத்திரங்கள் தாமாகவே நடந்துகொண்டன, நான் பின்னால் போனேன்’ என்று பேட்டிகளில் சொல்லும் எழுத்தாளர்கள் தம்மை அறியாமலே மீமாம்சகர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரத்தில் நிறுவிய மரபு இதற்கு மாறானது: வினை சடம், அதற்கு அறிவில்லை, இன்னான் என்னைச் செய்தான் என்று கண்டுபிடித்து அவனிடம் போய்ச் சேர அதனால் ஆகாது, உயிருக்கும் தன் வினையைத் தானே தேடி எடுத்துக்கொள்ளத் தெரியாது, சேர்ப்பிக்க ஒருவன் வேண்டும். திருத்த உட்காரும் கதாசிரியனுக்கு உரிய ஸ்தானம் இதுவென்றே நான் கருதுகிறேன். முதற்பிரதியில் உயிர்கள் எங்கிருந்தோ வந்துவிட்டன. அவை எதையெதையோ செய்தும்விட்டன. இரண்டாம் முறை உட்காருவது, செய்தது செய்தவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. சேராமல் வழியில் நிற்கிற வினையைச் சேர்ப்பிக்கலாம். ஆள் மாறிப் போனதைத் திருப்பலாம். ஒருவன் செய்யாததை அவன் கணக்கில் எழுதுவதற்கு மட்டும் இந்த ஸ்தானத்தில் இடமில்லை.

இதற்கு மேலாக அருள் என்று ஒன்று இருக்கிறதே, அதை என் செய்வது? பாரதியாரின் கீர்த்தனையில், நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் உழுது நட்டு அறுத்து முடித்தால் சிதம்பரம் போகலாம் என்று வேதியர் விதிக்க, சிவகணங்கள் வந்து அதைச் செய்துவிட்டுப் போகின்றன. வேலி ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறேமுக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். முடிச்சை மேலிருந்து இறக்கிய தெய்வத்தால் அவிழ்ப்பது நாடகத்துக்கு ஊனம் என்று கிரேக்கத்து அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் சித்தாந்தத்தில் அருள் நினைத்த மாத்திரத்தில் விழுவதன்று; மலம் பரிபாகமுற்ற பின்னரே சத்தி பதியும். பாரதியாரின் கதையில் நந்தன் கேட்டுக் கேட்டு, மறுக்கப்பட்டு மறுக்கப்பட்டு, கேட்பவர் மனமே இனிப் பொறுக்காது என்று ஆன பிறகுதான் கணங்கள் வயலில் இறங்குகின்றன. முதற்காட்சியிலேயே இறங்கியிருந்தால் அது கண்கட்டு வித்தை. குண்டையூர் நெல்லைத் திருவாரூர் வீதிகளில் பூதங்கள் கொண்டுவந்து குவித்த இடம் பாரதியார் நினைவில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நெல்லைச் சுமந்த பூதங்களை அவர் நெல் விளைக்கச் சொல்லியிருக்கிறார்.

வினையும் சேரவில்லை, அருளும் இறங்கவில்லை என்றால்? இந்த வினாவை நம் பக்கத்து மண்ணே எழுப்பியிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுக்காகப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். அதற்காகத் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீயைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. அதில் மிராசுதாரின் கொடுமைக்கு வேர், அவருடைய ஆண்மைக் குறையில் இருப்பதாகக் காட்டப்படுகிறது. இடதுசாரி விமரிசகர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த போரை ஒரு தனிமனிதனின் நோயாக்கிவிட்டார் என்றார்கள். நாவலின் ஆற்றலை மதிக்கிறவனாயினும், இந்த ஓர் அம்சத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பாரதியார் உள்ளே இருந்த காரணத்தை வெளியே கொண்டுவந்தார். இங்கே வெளியே, வரப்பில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்ற காரணம் மறுபடியும் ஓர் உடலுக்குள் போய்விட்டது. தர்க்கத்தார் கேட்டிருப்பார்கள்: அந்தக் குறை இல்லாத மிராசுதார் தீ வைத்திருக்க மாட்டாரா?

என் இளம் நண்பரின் பாம்பு இதனால்தான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. தம்பியை ஏமாற்றிய அண்ணன் அறுவடை நாளில் பாம்பு தீண்டிச் சாவதைக் காகமும் பனம்பழமும் என்று தள்ளுவதா, கர்மபலன் என்று கொள்வதா? முந்நூறு பக்கத்தில் அதற்கு முன்னால் பாம்பின் பேச்சே கிடையாது. வழக்கில் தோற்ற தம்பியின் ஆத்திரத்தை ஆற்றுவதற்காக ஆசிரியர் கையிலிருந்து நேரே இறங்கிய பாம்பு அது. எடுத்துவிடும்படி சொன்னேன். அட்டிகையைத் தவிர எழுபது பக்கத்தையும் விட்டுக்கொடுத்தவர், இதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார். “எங்க ஊர்ல அப்படித்தான் ஐயா சொல்றாங்க. அவன் ஆஸ்பத்திரியில காச்சல்ல செத்தான், எனக்கே தெரியும். ஆனா யாரைக் கேட்டாலும் பாம்பு கடிச்சுத்தான்னு சொல்றாங்க. நான் ஊர் சொல்றதை எழுதினேன்.”

நான் எண்ணிப் பாராத பதில் அது. வினையைச் சேர்ப்பிக்கும் வேலையை, ஆசிரியருக்கு முன்பே ஊரார் செய்து முடித்திருக்கிறார்கள். காய்ச்சல் அவர்களுக்குப் போதவில்லை. சிலந்தியைச் சோழனாக்கிய அதே மனந்தான் இங்கும் வேலை செய்திருக்கிறது. அப்படியானால் பாம்பு வரட்டும், ஆனால் உங்கள் வாக்கியத்தில் வர வேண்டாம், நடவு நடுகிற பெண்களின் பேச்சில் வரட்டும். உங்கள் வாக்கியத்தில் காய்ச்சலும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் மட்டும் இருக்கட்டும் என்றேன். அதையும் அவர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. பெண்கள் பேசுவதைத் தம்பி கேட்கிறானா, இல்லையா, கேட்டால் மறுத்துப் பேசுவானா என்று ஒரு புதிய சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, கட்டுகளைச் சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பூந்தோட்டம் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.